எதிர் நாற்காலிக்காரி

"டூ யூ ஸ்லீப் வெல்?"

எதிர் நாற்காலியிலிருந்து பெரியவளுக்குக் கேள்வி வந்தது. தேர்வு அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

அடிப்படை ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். தேறினால்தான் மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை. கணவன் போன பிறகு அவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம்.

எதிரே இருப்பவள் கொழுந்தனின் மனைவி, சின்னவள்.

பெரியவளின் கணவன் இறந்த அன்று, சின்னவள் வந்து சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். கட்டியவனின் அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்க வராதவள் என்று பெரியவள் அன்றே பேச்சை அறுத்தாள்.

வகுப்பில் டீச்சர் இருவரையும் ஜோடி சேர்த்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழில்தானே பேசமாட்டேன் என்றோம், இங்கிலீஷ் கணக்கில் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஓர் ஆறுதலும் இருந்தது. சின்னவள் இவளைவிட மக்கு. ஜன்னலைக் கதவு என்பாள், செவ்வாயைப் புதன் என்பாள். அவளைத் திருத்தித் திருத்தியே இவளுக்குப் பாடம் நாக்கில் ஏறிவிட்டது.

"நோ," என்றாள் பெரியவள். "பெட் இஸ் டூ பிக்."

அதிகாரியின் பேனா நின்றது.

சின்னவள் கேள்வி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அதில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். "ஸாரி அக்கா. ஐ கேம் லேட்."

முதல் வாரப் பாடத்தில் அதற்கு ஒரே பதில்தான். பெரியவள் முழுக் குரலில் சொன்னாள்.

"இட்ஸ் ஓகே. ப்ளீஸ் சிட் டவுன்."

உட்கார்ந்திருப்பவளையே உட்காரச் சொன்னதில் அதிகாரி சிரித்துவிட்டார். சின்னவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

பெரியவள் தேறிவிட்டதாக அதிகாரி அங்கேயே சொன்னார். டீச்சர் நீட்டிய சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டீச்சர் கையில் வேறு தாள் இல்லை.

"அவளுக்கு?"

"அவங்க போன வருஷமே முதல் ஆளா பாஸாயிட்டாங்களேம்மா. நீங்க சேரப்போறது தெரிஞ்சு, எங்க அக்காவுக்கு எதிர்ல உட்கார ஒரு இடம் குடுங்கன்னு அவங்களேதான் வந்து கேட்டாங்க."

பெரியவள் ஒரே ஓட்டமாக வாசலுக்கு வந்தாள். சின்னவள் தெருமுனையைத் தொட்டிருந்தாள்.

"நில்லுடி, கள்ளி!" என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.