எதிர்வீட்டு வாசல்

பதவியேற்புக்கு நேரம் நெருங்கிவிட்டது. சிம்லாவின் குளிர்வெயிலில் எம்.எல்.ஏ. தௌலத் நேகி வராந்தாவை அளந்துகொண்டிருக்கிறார். புதுத் தொப்பி நெற்றியை உறுத்துகிறது. அமைச்சராகிறவர்களுக்கு முதல்வர் வீட்டிலிருந்து அழைப்பு வரும். கையிலிருக்கும் போனோ வாயே திறக்கவில்லை. நடுவில் கூப்பிட்ட மச்சானிடம், “வைய்யா போனை, லைனை அடைக்காதே!” என்று எரிந்து விழுந்தாயிற்று. வாசலில் மாலையோடு தொண்டர்கள். அவர் வரவழைத்த மேளக்காரர்கள் விரல்களை ஊதிச் சூடேற்றுகிறார்கள். மேட்டில் போலீஸ் வண்டி ஏறி வருகிறது, புது அமைச்சருக்குக் காவலாக. “வந்தாச்சு!” மேளம் அதிர்கிறது. நேகி தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்குகிறார். வண்டி அவரைக் கடந்துபோய் எதிர்வீட்டு எம்.எல்.ஏ. வாசலில் நிற்கிறது. மேளம் சட்டென்று ஓய்கிறது. “அண்ணே, நிறுத்தினா அவர் தப்பா நினைப்பாரே,” என்று தொண்டன் ரத்தன் முணுமுணுக்கிறான். “யார்றா நிறுத்தச் சொன்னது? அடிங்கடா!” பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, மாலையைப் பிடுங்கிக்கொண்டு நேகி தெருவைக் கடக்கிறார். மறு கை இன்னும் போனை விடவில்லை.