கிழக்கே விழுந்த எச்சில்

கப்பதோக்கியாவில் ஈஸ்டர் விடியல். மூடுபனி கோயிலுக்குள்ளேயே வந்து தூண்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டியருகே வெறுங்காலோடு நிற்கிறார் ஜோசிமோஸ். தோல் பதனிடுகிறவர், எழுபது வயது, பார்வை போய் இருபது வருடம். மேற்கே திரும்பிச் சாத்தான்மேல் துப்ப வேண்டும். பிறகு கிழக்கே திரும்பிக் கிறிஸ்துவை ஏற்க வேண்டும். கன்னத்தில் வெயில் படுகிற பக்கம்தான் அவருக்குக் கிழக்கு. இன்று வெயிலே இல்லை, யாரையும் கேட்கவோ ரோஷம் விடவில்லை. ஏழு மலைக்கும் கேட்கும்படி காறி, ஓர் ஏரியை நிரப்பும் எச்சிலைத் துப்புகிறார். அது நேர் கிழக்கே, திருத்தொண்டர் ஹெர்மியாஸின் தாடியில் போய் விழுகிறது.

"சாத்தான் அந்தப் பக்கம் இருக்கான், பெரியவரே. இது நான்."

ஜோசிமோஸின் முகம் வெளுக்கிறது. "கிழக்கேயா துப்பிட்டேன்? ஞானஸ்நானமே போச்சு சாமி. அடுத்த ஈஸ்டருக்கு நான் இருக்க மாட்டேன். சூரியனே தெரியாதவனுக்குக் கிழக்கு ஏது?"

ஹெர்மியாஸ் தாடியைத் துடைப்பதை நிறுத்துகிறார். "நோன்புல நாப்பது நாளா படைப்புக் கதை கேட்டீங்களே. சூரியன் என்னைக்கு உண்டாச்சு?"

"நாலாம் நாளு."

"அதுக்கு முன்னாடி மூணு நாளும் விடிஞ்சுதா இல்லையா?"

"விடிஞ்சுது."

"சூரியன் வெறும் அகல்தான், பெரியவரே. வெளிச்சம் அதுக்கு மூத்தது."

ஹெர்மியாஸ் அவர் தோளைப் பிடித்து மேற்கே திருப்புகிறார். "இப்ப துப்புங்க. கொஞ்சமா."

துப்பிவிட்டு ஜோசிமோஸ் யார் கையும் படாமல் தானே கிழக்கே திரும்புகிறார். பனி அப்படியே நிற்கிறது. அவர் வலக்கை மெல்ல எழுந்து, வெளிச்சம் தாங்காதவரைப் போல, கண்களுக்கு மேலே குடை பிடிக்கிறது.