சீமோன் அங்கிளின் மொறிஸ் மைனர்

"தொட்டுப்போடாதேங்கோ அன்ரி! பெயின்ற் இன்னும் காயேல்லை."

ஷாமிலா போட்ட சத்தத்தில் கிளடிஸ் அன்ரி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கண்கள் மட்டும் அந்தக் காரை விட்டு அகலவில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கொண்டாட்ட மண்டபம். அதன் முன்பக்கத்தில், திரைக்குப் பின்னால், கூரை திறந்த மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. கிளிப்பச்சை நிறம். பம்பர் வெள்ளி போல் மினுங்கியது. சிவப்பு சீட்டின் தையல்கூடத் தெரிந்தது.

"யேசுவே! அவர் என்னைப் பொம்பிளை பார்க்க வந்த கார் அப்பிடியே நிக்குது. எப்பிடிப் பிள்ளை செய்தனி?"

"நித்திரையே இல்லை அன்ரி. இந்த ரேடியோவைப் பாருங்கோ."

டாஷ்போட்டின் நடுவில் பழங்காலத்து ரேடியோ. இரண்டு குமிழ்கள், வரிசையாக எண்கள், ஒரு சிவப்பு ஊசி. பார்வைக்குத்தான் பழசு. ஷாமிலா தன் போனில் தட்டியதும் உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்து பழைய பாட்டொன்று மெல்ல ஒலித்தது. அன்ரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

ஷாமிலாவுக்கோ இது வாழ்வா சாவா என்ற விஷயம். வங்கி வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலில் இறங்கியவளுக்கு இதுதான் முதல் பெரிய ஓடர். இன்று அன்ரியின் கணவர் சீமோன் அங்கிளுக்கு எழுபதாவது பிறந்தநாள். மல்வேர்ன், பிக்கரிங் என்று சுற்றுவட்டாரத்தில் தெரிந்த சனம் முழுக்கத் திரைக்கு வெளியே கூடியிருக்கிறது. அங்கிள் கோடையில் ஒரு பழைய கார்க் கண்காட்சியையும் விடாதவர். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் காரிலும் ஓர் ஆணி மாறியிருந்தால் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து 'சரியில்லை' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நாளைக்கு ஷாமிலாவை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

"பிள்ளை…" அன்ரியின் குரல் திடீரென்று இறங்கியது. "ஸ்டியரிங் என்ன இடப்பக்கம் கிடக்குது?"

"ஏன் அன்ரி? அங்கதானே இருக்கும்?"

"இஞ்சதான் அப்பிடி. எங்கட ஊரில வலப்பக்கமெல்லோ!"

அன்ரி கொடுத்த பழைய படத்தில் காரின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவள், ஸ்டியரிங்கைத் தன் சொந்தக் காரில் இருப்பது போலவே வைத்துவிட்டாள்.

"ஓ மை கோட்! இப்ப என்ன அன்ரி செய்யிறது?"

"கழட்டி மற்றப் பக்கம் பூட்டேலாதோ?"

"கழட்டினா டாஷ்போட் முழுக்க உடைஞ்சிடும்!"

வெளியே சுவாமியார் ஜெபத்தை முடித்துவிட்டார். யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

அவ்வளவு சனம் இருந்த இடத்தில் ரேடியோவின் பாட்டு மட்டும் கேட்டது. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

சீமோன் அங்கிள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பம்பரைப் பார்த்தார். முன்விளக்கைப் பார்த்தார். ரேடியோவுக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன் ஆயுளில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பிறகு நிமிர்ந்து மைக்கை வாங்கினார்.

"ஸ்டியரிங் பக்கம் மாறிக் கிடக்குது."

ஷாமிலா நிலத்தைப் பார்த்தாள். பூமி பிளந்தால் நல்லது என்றிருந்தது.

"கிளடிஸ், எங்கட காரில நீர் எந்தப் பக்கம் இருந்தனீர்?"

"இடப்பக்கம்…" அன்ரி ஷாமிலாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இடப்பக்கம் இருந்துகொண்டு, 'மெதுவாப் போங்கோ, இஞ்சால திருப்புங்கோ, அந்த மாட்டைப் பாருங்கோ' எண்டு காரை ஓட்டினது முழுக்க நீர்தானே? நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். கலியாணம் கட்டின நாளிலையிருந்து இது ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இந்தப் பிள்ளைதான் ஸ்டியரிங்கைச் சரியான ஆளின்ர பக்கம் வைச்சிருக்குது!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஷாமிலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உமக்குச் சேர வேண்டியதை உமக்கே தாறன்," என்று அங்கிள் மனைவியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

ஷாமிலா நீட்டிய கத்தியை வாங்கி, ஸ்டியரிங்கோடு சேர்த்து ஒரு துண்டு வெட்டி அன்ரியின் வாயில் ஊட்டினார். வெட்டிய இடத்தில், மொறிஸ் மைனருக்குள்ளே, ஈரம் குறையாத சாக்லேட் கேக் தெரிந்தது.