டெம்ப்_செல்வி

கதவு பழுதாகி நின்ற அன்றுதான், வீட்டை நடத்தும் கம்ப்யூட்டரில் தன் பெயர் எப்படி இருக்கிறது என்று செல்வி பார்த்தாள். கதவின் சின்னத் திரையில் கணவன் 'மெயின்_பரிதி' என்றிருந்தான். அவள் 'டெம்ப்_செல்வி'.

அவனைப் போல அவளும் கம்ப்யூட்டர் கோட் எழுதுகிறவள்தான். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டியவற்றின் பெயரைத்தான் அவள் அலுவலகத்தில் 'டெம்ப்' என்று தொடங்குவார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மாலையில் பரிதி வந்ததும் கேட்டாள். "எனக்கு இந்தப் பேர் யாருங்க வச்சது?"

"வீடேதான் செல்வி. நாம இருக்கறதப் பார்த்து அதுவா வச்சுக்கும்."

"அதுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? எனக்கப்புறம் யாரு வர்றா, அதையும் சொல்லிடுங்க."

அவன் சிரிக்கவில்லை. "நான் தினமும் மாத்தறேன்மா. விடிஞ்சா பழையபடி டெம்ப்னு வந்துடுது. ஏன்னு வீட்டையே கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

பரிதி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். கல்யாணத்துக்கு மறுநாள் அவள் கொண்டுவந்த பெட்டி. இன்றும் துவைத்த துணிகளை அதில்தான் மடித்து வைக்கிறாள். பீரோவில் அவளுக்கென்று அவன் ஒழித்துக் கொடுத்த தட்டு காலியாகவே இருந்தது.

"உனக்கு என்மேல நம்பிக்கை வரலையாம்."

செல்வி துணிகளைப் பீரோவில் அடுக்கினாள். சர்டிபிகேட்டுகளையும் நகைகளையும் மட்டும் பெட்டியிலேயே விட்டுப் பூட்டினாள்.

காலையில் திரையில் 'டெம்ப்' அப்படியே இருந்தது. பரிதி எழுந்து வருவதற்குள், அவளே அதை 'மெயின்' என்று மாற்றினாள்.