ஏழாவது ஒப்புதல்

சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்த அக்கா லீவு கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆபீஸ் நாற்காலியிலேயே உயிரை விட்டார். நான்காம் நாள் மேலாளர், புரோகிராம்களைத் தொகுத்து வெளியிடும் பில்டுக்காரனைக் கூப்பிட்டார். "செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைல்ல, ரிலீஸுக்கு ஏழு பேர் ஒப்புதல் வேணும்னு இருக்கு. இனி ஆறு பேர்தானே, பில்டு ஓடும்போதே ஆறாக்கிடு."

பில்டை ஓட்டும் ஸ்கிரிப்டில் அவன் அதற்கு ஒரு வரி சேர்த்தான். பில்டு தானாக ஓடி முடிந்ததும் கோப்பைத் திறந்தான். ஏழு. மூன்று தடவை ஓட்டினான். மூன்று தடவையும் ஏழு.

"ஆளே போயாச்சு, நம்பர் போக மாட்டேங்குதா?" மேலாளர் எரிந்து விழுந்தார்.

மீதி ஆறு பேரும் ஒப்புதல் கொடுத்தார்கள். சரியாகப் பதினோரு மணிக்கு, அக்கா பெயரில் ஏழாவதும் வந்தது. கீழே ஒரு வரி: "முடிச்சிட்டேன் சார். இப்பவாவது லீவு தருவீங்களா?"

பில்டுக்காரன் திரையை மேலாளர் பக்கம் திருப்பினான். மேலாளர் இரண்டு தடவை படித்தார். பிறகு, எப்போதும்போல், பதில் தட்டினார்: "அடுத்த மாசம் பாப்போம்மா."