அரைக் கிண்ணம் சர்க்கரை

"அக்கா, அரைக் கிண்ணம் சர்க்கரை கிடைக்குமா?"

வாசலில் எதிர்வீட்டுக்காரி, கையில் கிண்ணத்தோடு நின்றாள். மாத்திரையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக் மாவைக் கலக்கி டின்னில் ஊற்றப்போகிற நேரத்தில்தானா இவளுக்குச் சர்க்கரை தீர வேண்டும்!

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்தவர். அதனால் அந்தக் குடியிருப்பில் அவருக்கு மாத்திரையம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருநாள்கூட ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. அப்பேர்ப்பட்டவருக்குத்தான் பெற்ற பிள்ளை இன்று பரீட்சை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

காலையில் வந்ததும் வராததுமாகச் சமையலறையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"போன வாரம் பாலை அடுப்புல வச்சுட்டு மறந்துட்டே. அதுக்கு முன்னாடி குழாயைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டே. போதும்மா, வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடு."

"யாருக்குடா மறதி? இப்பவே ஒரு ஆப்பிள் கேக் பண்ணிக் காட்டுறேன். ஒரு சாமான் விட்டுப்போனாலும் நானே பெட்டி கட்டுறேன். சரியா வந்துச்சுன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

"சரி. ஆனா குறிப்பு எதையும் பார்க்கக் கூடாது."

"நான் எதுக்குப் பார்க்கிறேன்?"

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். மகன் வீட்டில் எல்லாரும் தங்கமானவர்கள். ஆனாலும் அங்கே அவர் விருந்தாளி. இங்கே இருட்டில் நடந்தாலும் எதிலும் இடித்துக்கொள்ள மாட்டார்.

"அக்கா... சர்க்கரை?"

"இரு, தர்றேன். கடைப்பக்கமே போக மாட்டியா நீ?"

முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, அரைக் கிண்ணம் அளந்து கொடுத்து அனுப்பினார். திறந்த கையோடு மாவிலும் ஒன்றரைக் கிண்ணம் சர்க்கரை போட்டுக் கிளறினார். முப்பது வருடம் அளந்த கை, மறக்குமா என்ன?

மாவை டின்னில் ஊற்றி, மெல்லிசாக நறுக்கிய ஆப்பிளை மேலே அடுக்கி ஓவனில் வைத்தார். பழைய ஓவன். நேரமானால் மணியடிக்கும் திருகு எப்போதோ உடைந்துபோயிருந்தது.

"நாற்பத்தஞ்சு நிமிஷம்" என்று அறிவித்துவிட்டு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பேச்சு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. பெரிய டாக்டரின் கையெழுத்து அவருக்கே புரியாமல், சீட்டைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வந்து நின்ற கதை. மகன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, மணி என்ன? எங்க வீட்டுக் கடிகாரம் நின்னுபோச்சு."

"ஏன், உன்கிட்ட போன் இல்லையா?"

"அதுலயும் சார்ஜ் இல்லைக்கா."

வேண்டா வெறுப்பாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவருக்குத் திக்கென்றது. நாற்பத்தேழு நிமிடம் ஆகியிருந்தது.

"பதினொண்ணே கால்" என்று கதவைச் சாத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போலச் சமையலறைக்குப் போனார். குச்சியால் கேக்கைக் குத்திப் பார்த்தார். மாவு ஒட்டவில்லை. அப்பாடா!

பட்டை, கிராம்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. மகன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்கும் கையை நீட்டினான்.

"நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன்மா. நீ இங்கேயே இரு."

அவன் கிளம்பிப் போனதும் மாத்திரையம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலும் எதிர்வீட்டுக்காரியை மட்டும் சும்மா விட மனசு வரவில்லை. ஒரு தட்டில் கேக்கை வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"இந்தா, சாப்பிடு. நல்ல வேளை, நீ பண்ணின தொந்தரவுல இது கெட்டுப்போகல. என் பையன் எதுக்கு வந்திருந்தான்னு தெரியுமா உனக்கு? இனிமே ஏதாவது வேணும்னா முதல் நாளே வாங்கி வச்சுக்கோ."

"சரிக்கா" என்று சிரித்தாளே தவிர, அவள் தட்டை வாங்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. எனக்குச் சர்க்கரை வியாதி. பத்து வருஷமா இனிப்பைத் தொடறதில்ல."

"அப்போ காலையில வாங்கிட்டு வந்தியே, அது யாருக்கு? நீ ஒண்டிக்கட்டைதானே?"

எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில நீங்க ரெண்டு பேரும் பேசினது சமையலறை ஜன்னல் வழியா என் காதுல விழுந்துச்சுக்கா. அப்புறம் பார்த்தா, நீங்க சர்க்கரையே போடாம மாவை ஊத்தப் போறீங்க. அங்கிருந்து கத்தினா உங்க பையனுக்குக் கேட்டுடுமேன்னுதான் கிண்ணத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தேன்."