முன்பக்கக் கேமரா

"முன்னாடி கேமராதான் பாப்பா முக்கியம். மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல."

சுகன்யா நிமிர்ந்து பார்த்தாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்த செல்போன் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். இப்படிக் கேட்பது காலேஜ் பிள்ளைகள்தான். எதிரே நின்ற கொளஞ்சியம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். சின்ன வெங்காயம் ஆய்ந்து ஆய்ந்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

கொளஞ்சியம்மாளுக்கு வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர். பழைய கம்பெனி சிக்னல் அங்கே விட்டு விட்டுத்தான் வரும். அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற, நாலு நாளைக்கு முன்னால் இதே கடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். புது சிம்முக்கு இன்றைக்குக் காலையில்தான் உயிர் வந்தது. கையோடு போனையும் மாற்ற வந்துவிட்டாள்.

"இதப் பாருங்கம்மா. சார்ஜ் ரெண்டு நாளைக்கு நிக்கும்."

கொளஞ்சியம்மாள் அதை ஒரு அட்டைப்பெட்டி மேல் சாய்த்து வைத்தாள். ரெண்டடி பின்னால் போய் நின்று, கையை முன்னும் பின்னும் ஆட்டினாள்.

"வேகமா ஆட்டுனா கலங்குது. வேற காட்டு."

இன்னொன்று வந்தது. "இடுப்புக்கு மேல முழுசா விழ மாட்டேங்குது."

மூன்றாவதை எடுத்துக்கொண்டு கடையின் இருட்டு மூலைக்கே போய்விட்டாள். "வெளிச்சம் கம்மியானா வெரலே தெரியல பாப்பா."

ரீசார்ஜ் பண்ண வந்து நின்ற செந்தில்குமாருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா ரீல்ஸ் போடப் போறாங்க போல. ஆட்டம் முழுசா விழணும்ல?"

கடைக்காரர் அசோக் சிரித்தார். "போடட்டுமே. நாமளும் ஒரு லைக் போடுவோம்."

சுகன்யா சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொளஞ்சியம்மாள் காதில் எல்லாம் விழுந்தது. கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். "அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்குதே, அத எடு."

"அது வெல ஜாஸ்திம்மா. உங்களுக்குத் தாங்காது," என்றார் அசோக்.

"இருக்கட்டும் தம்பி. எடுக்கச் சொல்லுங்க."

அதையும் சாய்த்து வைத்து, கையை ஆட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இதான். சிம்மப் போட்டு ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துரட்டுமா?"

சுகன்யா சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பையும் ஏற்றி, அவள் மனப்பாடமாகச் சொன்ன ஒரு நம்பரைப் பதிந்து, வீடியோ காலை அழுத்தி, போனை அட்டைப்பெட்டி மேல் சாய்த்து வைத்தாள்.

திரையில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

கொளஞ்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளும் மேலே எழுந்தன. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டு விலகின. புருவம் உயர்ந்து ஏதோ கேட்டது. திரையில் அந்தப் பெண்ணின் விரல்கள் அதைவிட வேகமாகப் பதில் சொல்லின.

செந்தில்குமார் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து வழிவிட்டான்.

அசோக் அவசரமாக, கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான், அவர்கள் பேச்சுக்கு அது இடைஞ்சலே இல்லை என்று அவருக்கு உறைத்தது.

வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே சத்தமே இல்லாமல் ஒரு விசாரிப்பு, ஒரு செல்லச் சண்டை, அதற்கொரு சமாதானம். கறுத்துப்போன அந்த விரல்கள் காற்றில் எழுதுவதை சுகன்யா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை.

"உன் ஜிமிக்கி நல்லாருக்குங்குறா பாப்பா."

சுகன்யாவின் கை தன்னாலே காதுக்குப் போனது. எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

பேசி முடித்ததும் செந்தில்குமார் தயங்கித் தயங்கி வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தெரியாம பேசிட்டேன்."

"அட விடு தம்பி."

"இந்தக் கை பாஷைய எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்றாள் சுகன்யா.

"அவதான் சொல்லிக் குடுத்தா. ரெண்டு வருஷமா. மொதல்ல எனக்கு வெரலே மடங்காது, மரத்துப் போய்க் கெடக்கும். ஒவ்வொரு வெரலா அவளே புடிச்சு மடக்கி விடுவா. இப்ப மெட்ராஸ்ல காலேஜ்ல சேத்து விட்டுருக்கேன்."

அசோக்குக்கு அது இடித்தது. "ரெண்டு வருஷமாத்தானா? அதுக்கு முன்னாடி பெத்த புள்ளகிட்ட பேசாமயாம்மா இருந்தீங்க?"

அவள் புதுப் போனை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

சுகன்யாதான் பேச்சை மாற்றினாள். "பழைய போன்ல இருக்கற நம்பர் எல்லாத்தையும் இதுல ஏத்திடட்டுமாம்மா?"

"ஏத்து. அறிவரசன்னு ஒண்ணு இருக்கும். அத மட்டும் விட்டுரு."

"யாரும்மா அது?"

"எம் மவன்."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"ஒரே மவன்தான்," என்றாள். "பேச்சு வராதவகூட என்னத்தக் குடும்பம் நடத்துறதுன்னு, கட்டுன ஆறே மாசத்துல இந்தப் புள்ளய விட்டுட்டுப் போயிட்டான். இவ எம் மருமவ."